பிள்ளைக் காம்பராவில் வளர்ந்த நாற்று

காலையில் எழுந்து பார்த்தபோது நாற்று அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல, ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. தண்டு நூல் மாதிரி. நிறத்தைப் பச்சை என்று சொல்ல முடியாது. தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு வெளுப்பு.

நிவாரணமாக வந்த தண்ணீர்ப் போத்தல்களைப் பாதியாக வெட்டி, ஆணியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, நான்தான் விதை போட்டிருந்தேன். முளைக்கும்போது நன்றாகத்தான் முளைத்தது. ஒரு விதைகூட ஏமாற்றவில்லை. முளைத்த பிறகுதான் இப்படி.

சரசு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்னா அத்தை, மொளப்பாரி மாதிரில்ல இருக்கு."

அவள் அம்மா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் போத்தல்களைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.

வரிசை மாறுகிறது

போன வாரம் இந்தத் தொடரில் என் கதையைக் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி போனால் இந்தச் சங்கதி இன்னும் பல வாரம் கழித்துத்தான் வர வேண்டும். என் வயதில் வரிசை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அண்மையில் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழசு எங்கே போகப் போகிறது.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். எழுதக் கை வராது. நான் சொல்லச் சொல்ல சரசு எழுதுகிறாள். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை மகள். தங்கையின் பேர் பூவாயி. எனக்கு நாத்தனார். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் எங்கள் காலம் போனது. எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டுக்காரர்கள் முன்னமே போய்விட்டார்கள். சரசுவுக்கு அமைந்த கல்யாணம் சரியில்லாமல் அவளும் அம்மாவிடமே வந்துவிட்டாள். மூன்று பொம்பளைகள், ஒரு ஆடு, லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் காய்கறித் தோட்டம். அதுதான் எங்கள் குடும்பம்.

தவறணைக்காரி

என்னைத் தோட்டத்தில் வெறும் லெட்சுமி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தவறணை லெட்சுமி என்றால்தான் தெரியும். தவறணை என்பது தேயிலைக் கன்று வளர்க்கிற இடம். கொழுந்து எடுக்கப் போன நாள் எனக்குக் குறைவு. என் கை ராசியைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சின்ன வயதிலேயே தவறணையில் போட்டார். கடைசிவரை அங்கேயே இருந்தேன். இந்த மலையில் இன்றைக்குக் கொழுந்து கொடுக்கிற செடிகளில் பாதி என் கையில் வேர் விட்டது.

தேயிலைக் கன்று வளர்ப்பது அப்படி இப்படி வேலை இல்லை. ஒற்றை இலையோடு தண்டை நறுக்கி, பொலித்தீன் பையில் ஊன்றி, மேலே பந்தல் போட்டுத் தழை பரப்ப வேண்டும். வெயில் படக் கூடாது. காற்றுப் படக் கூடாது. ஈரம் காயக் கூடாது. வேர் விட்ட பிறகுதான் தழையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். அவசரப்பட்டு நிழலை எடுத்தால் இலை தீய்ந்துவிடும்.

அதற்கு முன்னால் மண் சலிக்க வேண்டும். மண் சலிப்பதில் என்னை யாரும் மிஞ்சியது கிடையாது. சல்லடையை ஆட்டும்போது வருகிற சத்தத்தை வைத்தே கல் எவ்வளவு, வேர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் இருக்கிறவர்களோடு ஊர்க் கதை பேசிக்கொண்டே சலிப்பேன்.

நாத்தனார் கேலி

பூவாயிக்கு என் வேலையில் மதிப்பு உண்டு. ஆனால் காய்கறி நாற்றுக்குப் பக்கத்தில் என்னை விட மாட்டாள். அவள் போட்ட கோவா நாற்றுக்கு, முட்டைக்கோசு என்பார்களே அதற்கு, ஒருநாள் பாவம் பார்த்து நான் தழை போட்டு மூடிவிட்டேன். வெயில் அடிக்கிறதே என்று. அவள் மலையில் இருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, கூடையை இறக்காமலே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணி, நீங்க கோவா வளக்கிறீங்களா, மொளப்பாரி வளக்கிறீங்களா?"

"பச்சப் புள்ளைகடி. வெயில்ல வதங்குது."

"வதங்கட்டுமே. அந்தியில தானா நிமிந்துரும். நெழல்ல வச்சா நெட்டையா போயி நாசமாப் போகும். தேயிலைக்குச் செல்லம் குடுத்துக் குடுத்து உங்களுக்குப் பழகிப்போச்சு."

முளைப்பாரியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் சட்டியில் பயறு போட்டு, வெளிச்சம் படாத காம்பராவில் மூடி வைத்து வளர்ப்போம். இருட்டில் இருப்பதால் மஞ்சள் நிறத்தில் நெடுநெடு என்று வளரும். அதுதான் அதற்கு அழகு. திருவிழாவில் தலையில் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் விட்டுவிடுவோம். ஆற்றில் விடுகிறதை எப்படி வளர்த்தால் என்ன. சாப்பிட வளர்க்கிறதை அப்படி வளர்க்கக் கூடாது என்பது பூவாயியின் கட்சி.

அவள் நாற்று வளர்ப்பது பார்க்கக் கொடுமையாக இருக்கும். முளைத்த மறுநாளே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். மண் மேலாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில், அடியில் மட்டும். அந்தியில் ஊற்றினால் ராத்திரி பூராவும் ஈரத்தில் நின்று தண்டு அழுகும் என்பாள். நெருக்கமாக முளைத்திருந்தால் தெம்பான ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நகத்தால் கிள்ளி எறிந்துவிடுவாள். அவள் பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டே போவாள்.

இன்னொன்றும் செய்வாள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் நாற்று மேல் உள்ளங்கையை வைத்து இப்படியும் அப்படியும் தடவிவிட்டுத்தான் போவாள். குழந்தையின் தலையைக் கலைத்து விளையாடுகிற மாதிரி.

"என்னாத்துக்குடி அதப் போட்டு அலைக்கழிக்கிற?"

"காத்து அடிக்கிற மாதிரி இருக்கணும் அண்ணி. ஆடுனாத்தான் தண்டு தடிக்கும். சும்மா நின்னா சோம்பேறியாப் போயிரும், உங்க அண்ணன் மாதிரி."

என் அண்ணனை இழுக்காமல் அவளுக்குப் பேச்சே முடியாது.

முடிச்சு

அவளுடைய பெருமை எல்லாம் ஒரு தக்காளி. சின்னதாக, பூசணிக்காய் மாதிரி வரி விழுந்து, நல்ல புளிப்பாக இருக்கும். எங்கள் மலை மூட்டத்துக்குக் கடைத் தக்காளி விதை போட்டால் கருகிப் போகும். இது மட்டும் நிற்கும். வருசா வருசம் நல்ல பழமாகப் பார்த்து, விதையைச் சாம்பலில் பிசைந்து அடுப்படிச் சுவரில் அப்பி வைப்பாள். அவள் சிரிக்கும்போது மூக்கில் சிவப்புக் கல் மூக்குத்தி மினுங்கும். என் மாமியார் போட்டு அனுப்பிய மூக்குத்தி. சதையோடு ஒட்டிக்கொண்டு கழற்றவே முடியாது. அந்தக் கல்லின் நிறம்தான் அந்தத் தக்காளியின் நிறம்.

அந்த மழை வந்தது. எல்லோரும் அறிந்த மழை. ஓயாமல் பெய்து, பெய்து, லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டது. எல்லோரும் பிள்ளைக் காம்பராவுக்குப் போங்கள் என்றார்கள். கொழுந்துக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பாறை மேல் கட்டியது. இப்போது பிள்ளைகள் குறைந்து, மூடிக் கிடந்தது.

நாங்கள் மூன்று பேரும் பாதி ஏற்றம் ஏறிவிட்டோம். பிற்பகல் நேரம்தான், ஆனால் அந்தி மாதிரி இருட்டு. பூவாயி நின்றாள். மடியில் இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள். சுவரில் இருந்த விதையைச் சுரண்டி முடிந்துகொண்டுதான் கிளம்பியிருக்கிறாள்.

"இதப் புடிங்க அண்ணி. நனையாம வைங்க. ஆட்ட அவுத்து விட்டுட்டு வந்துர்றேன்."

"ஆடு கெடக்கு, நீ வாடி."

"கட்டிப்போட்ட சீவன் அண்ணி. அதுவா கட்டிக்கிட்டுச்சு?"

சரசு அம்மாவின் கையைப் பிடித்தாள். பூவாயி உதறிவிட்டு, "நீ அத்தைய பத்திரமா கூட்டிக்கிட்டுப் போ, அவங்களுக்கு முழங்கால் சரியில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் போனது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

லொறியில் இருந்து மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். பிறகு ஒரு மணம் வந்தது. புதிதாக வெட்டிய மண்ணின் மணம். தவறணையில் காலமெல்லாம் நான் ஆசையாக மோந்த மணம்.

மறுநாள் ஆடு மேலே ஏறி வந்தது. கழுத்தில் கயிறு தொங்கியது. கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சு கையால் அவிழ்க்கப்பட்டிருந்தது.

தேடியது

ராணுவத்து ஆமிக்காரர்கள் வந்து தேடினார்கள். மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் வந்தது. அதை ஓட்டிய சிங்களப் பையன் ஒவ்வொரு தடவை மண்ணைக் கிண்டும் முன்னும் கையெடுத்துக் கும்பிட்டான். வேறு சிலர் கிடைத்தார்கள். பூவாயி கிடைக்கவில்லை. மலை இன்னும் இறங்குகிறது, இனிமேல் தேடினால் தேடுகிறவர்களும் போய்விடுவார்கள் என்று நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. சரசு அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டாள். ஆட்டைப் பார்க்கப் பிடிக்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

என் கையில் இருந்த முடிச்சு ஈரமாகியிருந்தது. ஈரம் கண்ட விதையை வைத்திருக்க முடியாது, பூஞ்சணம் பிடிக்கும். சுவரும் இல்லை, வீடும் இல்லை. இருந்ததை எல்லாம் போத்தலில் போட்டுவிட்டேன். இது போனால் பூவாயியின் தக்காளி உலகத்தில் இல்லை. அது தெரிந்துதான் போட்டேன்.

தெரிந்ததால்தான் கெடுத்தும் வைத்தேன். வெளியே குளிர், காற்று, தூறல். நான் என் தவறணைப் புத்தியில் உள்ளேயே வைத்து, பொலித்தீன் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். பிள்ளைக் காம்பராவுக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சின்னது. கடைசியில் கழுத்து நீண்டு சாய்ந்து நின்றதைத்தான் முதலில் சொன்னேன். ஓரத்துப் போத்தல்களில் அடித்தண்டு கருத்து விழவும் தொடங்கியிருந்தது.

அன்றைக்குப் பொலித்தீனை எடுத்தேன். தண்ணீரை நிறுத்தினேன். வெளிவாசலுக்குக் கொண்டுபோனேன். ஆனால் வெளுத்துப்போனதை எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் தீய்ந்துவிடும். அது எனக்குத் தெரிந்த வித்தை. முதலில் காலை வெளிச்சம் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று தவறணையில் தழை எடுக்கிற கணக்கில் எடுத்தேன். உள்ளங்கையால் தடவியும் விட்டேன். என் கை சொரசொரப்பு. பூவாயி கையும் அப்படித்தான்.

மெல்ல மெல்லப் பச்சை ஏறியது. ஆனால் ஒவ்வொரு போத்தலிலும் நெருக்கிக்கொண்டு நின்றது. கிள்ள வேண்டும். நகத்தை வைப்பேன், எடுத்துவிடுவேன். அந்த நாட்களில் எனக்கு அது முடியவில்லை. யார் இருக்கட்டும், யார் போகட்டும் என்று நான் எப்படிச் சொல்வது.

ஆற்றங்கரை

தேடுவதை நிறுத்திக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கருமாதிக்கு நாள் குறித்தோம். அதற்கு முந்தின நாள் சரசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஆத்துல என்னாத்த அத்தை கரைக்கிறது? சாம்பல் இருக்கா, எலும்பு இருக்கா?"

அவள் வாசலில் இருந்த போத்தல்களைப் பார்த்தாள்.

"இந்த நாத்தத் தூக்கிக்கிட்டுப் போறேன். மொளப்பாரி மாதிரி விட்டுர்றேன். எங்கம்மா கையில இருந்து வந்தது இது ஒண்ணுதான்."

பக்கத்தில் படுத்திருந்த மாரியாயி அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அவளும் எங்கள் லயம்தான்.

"சாமிக்கு எடுக்கிறத சாவுக்கு எடுக்கலாமாடி?"

"எங்கம்மா தூக்காத மொளப்பாரி இந்தத் தோட்டத்துல உண்டா பெரியம்மா? சாமி கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும். எங்கிட்ட இன்னும் எடுக்க என்னா இருக்கு?"

மாரியாயி அக்கா மறுபடி படுத்துவிட்டாள்.

இதுதான் கடைசி விதை, விட்டால் போச்சு என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் பெற்றவளைப் பறிகொடுத்தவள் அவள். நான் யார். "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், போத்தல்களை ஒரு தடவை தடவிவிட்டு வந்தேன்.

காலையில் சரசு போத்தல்களை எல்லாம் பிளாஸ்டிக் பேசினில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டாள். கும்மி இல்லை, மேளம் இல்லை. நாங்கள் சில பொம்பளைகள் பின்னால் நடந்தோம். மண் சரிந்த இடத்துக்குக் கீழே ஆறு இன்னும் தேயிலைச் சாயம் மாதிரி கலங்கித்தான் ஓடியது. ஐயர் சொன்னதைச் செய்தோம். எள்ளும் தண்ணீரும் விட்டோம்.

பிறகு சரசு ஒரு போத்தலைக் கையில் எடுத்துத் தண்ணீரில் இறங்கினாள். அதைக் கவிழ்க்கப் போனவள் நின்றாள். வெகுநேரம் நின்றாள். குளிரில் அவள் கணுக்கால் சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. பிறகு நகத்தால் ஒரு நாற்றைக் கிள்ளினாள். ஆற்றில் விட்டாள். இன்னொன்றைக் கிள்ளினாள். விட்டாள். தெம்பான ஒன்று மட்டும் போத்தலில் நின்றது. அதை என்னிடம் நீட்டினாள்.

"ஒண்ணுதான் நிக்கணும்னு அம்மா சொல்லும்" என்றாள்.

போத்தல் போத்தலாக அப்படியே செய்தாள். நான் கரையில் வாங்கி வாங்கி வைத்தேன். கிள்ளிய நாற்றெல்லாம் வெளுத்த தண்டும் ரெண்டு மூன்று இலையுமாக மிதந்து போனது. மாரியாயி அக்காதான் முதலில் குலவை போட்டாள். சாவுக்குக் குலவை போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

மண்

மிச்சம் நின்ற நாற்றை நட வேண்டும். நட இடம் இல்லை. எங்களைத் தற்காலிகமாகத்தான் இங்கே வைத்திருக்கிறார்கள். எங்கே வீடு, எப்போது வீடு, தெரியாது. அதனால் உரப் பையில் மண் நிரப்பி அதில் நடுவது என்று முடிவு செய்தோம். போகச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாம்.

கழுத்து நீண்ட தக்காளி நாற்றுக்கு ஒரு வழி உண்டு. ஆழமாகக் குழி எடுத்து மேல் இலை மட்டும் வெளியே தெரிய நட்டால், மண்ணுக்குள் போன தண்டெல்லாம் வேர் விடும். பூவாயி செய்து பார்த்திருக்கிறேன். அப்படி நடுவதற்குப் பை நிறைய மண் வேண்டும்.

மண்ணுக்கு எங்கே போவது. தேயிலைக்குள் வெட்ட விட மாட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்காத மண் ஒன்றுதான் இருந்தது. பெக்கோ மெஷின் அள்ளி ரோட்டோரம் குவித்து வைத்த மண். எங்கள் லயத்து மேல் விழுந்த மண்.

சரசுதான் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தாள். தவறணையில் இருந்து பழைய சல்லடை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் முதல் கூடையைக் கொட்டினாள். நான் ஆட்டினேன். மண் கீழே இறங்கியது. மேலே கல் நின்றது. தேயிலை வேர் நின்றது. நெளிந்த தகரத் துண்டு ஒன்று நின்றது.

சரசு குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தக் கல்லுக்குள்ளே விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுத்த கூடைக்குப் போனாள். என்ன தேடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் ஊர்க் கதை ஒன்றும் பேசவில்லை.

நட்டது எல்லாம் பிடித்துக்கொண்டது. தண்டு விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. சிலதில் பூ எடுத்திருக்கிறது. முதல் பழத்தை விதைக்கு விட வேண்டும், சாப்பிடக் கூடாது என்று சரசுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மழையில் பைகளில் மண் இறங்கிவிட்டதால் மேலே இன்னும் மண் போட வேண்டியிருக்கிறது. அதற்காகக் கூடை கூடையாகச் சலித்துக்கொண்டிருக்கிறோம். போட வேண்டியதற்கு மேலேயும் சலித்தாகிவிட்டது. சரசு போதும் என்று சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

பூவாயியின் மூக்குத்திக் கல் பயறை விடச் சின்னது. இப்போதெல்லாம் மண் சலிக்கப் போகும்போது நான் கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறேன்.